அந்த ஃபோர்க்கைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் நாமக்கல்லைச் சேர்ந்தவன். என் 350 சிசி பைக்கில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் மிகவும் அமுங்குகிறது என்று, ஏப்ரல் மாதம் கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, வேறொரு பைக்கின் யூ.எஸ்.டி. ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும், தலைகீழாக அமைந்த அதிர்வுதாங்கிக் குழாய்களை) மாட்டினேன். 62,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. மூன்றே வாரத்தில் இடது குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ‘புது சீல் அப்படித்தான் வியர்க்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்’ என்று உரிமையாளர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். துடைத்துவிட்டு ஓட்டினேன். இரண்டாம் நாள் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முன் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே வந்த ஸ்கூட்டரில் மோதினேன். அதை ஓட்டிவந்த பெரியவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போலீஸ் வழக்கு நடக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகு பைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிப்ரவரியில் புதுப்பித்த முழுக் காப்பீடு இருக்கிறது. ஆனால், அனுமதியின்றி மாற்றம் செய்ததாகச் சொல்லி பைக் சேதத்துக்கான க்ளெய்மை நிறுவனம் மறுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரரோ, ‘ஃபோர்க்கைத் திருப்பிக் கொடுங்கள், பழையதை இலவசமாக மாட்டி, பாதிப் பணமும் தருகிறேன்’ என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? பெரியவருக்கு யார் பணம் கொடுப்பது?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் இல்லாத உங்கள் வழக்கில் மிக வலுவான சாட்சி அந்த ஃபோர்க்தான். அதைத்தான் ஒர்க்‌ஷாப்காரர் 31,000 ரூபாய்க்குக் கேட்கிறார். யூ.எஸ்.டி. ஃபோர்க்கில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கீழ்ப்பக்கம் இருக்கும். அது கிழிந்தால் எண்ணெய், டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பர் பக்கம்தான் வழியும். இடது சீலின் உதடு, பிரேக் பேடில் ஊறிய எண்ணெய், டிஸ்க்கில் காய்ந்த கறை ஆகிய மூன்றும் இன்னும் உங்கள் பைக்கில் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், தேதியுடன் படமெடுத்து, பைக்கை மூடி வையுங்கள். வழக்கு நடக்கும்போது பாகத்தை மாற்றினால், சாட்சியத்தை மறைத்ததாக, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் உங்கள் மீதே புகார் எழ இடமுண்டு.

அடுத்து பெரியவர். அவருக்கான இழப்பீட்டை உங்கள் காப்பீட்டு நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். மூன்றாம் நபருக்குத் தர மறுப்பதற்கான காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு எண்ணித்தான் சொல்லியிருக்கிறது. உரிமம் இல்லாமை, மதுபோதை, பந்தயம் போன்றவை அதில் உண்டு; ஃபோர்க் மாற்றம் இல்லை. முக்கியமான உண்மைகளை மறைத்து பாலிசி எடுத்திருந்தால் அதுவும் ஒரு காரணமாகும். நீங்கள் பிப்ரவரியில் புதுப்பித்து ஏப்ரலில்தான் மாற்றியிருக்கிறீர்கள். அந்த வாதமும் எடுபடாது. பெரியவர் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். பாலிசி எண்ணை அவர் குடும்பத்திடம் நீங்களே கொடுங்கள். வழக்கில் எதிரெதிரே நிற்கிறோம் என்பதற்காக அதை மறைத்து வைப்பது நியாயமில்லை. நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க உத்தரவு கேட்கக்கூடும். ஆகவே தீர்ப்பாயத்தில் ஒரு விசாரணை நாளில்கூட ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் செய்த மாற்றத்தைச் சட்டம் ஏற்கிறதா? இல்லை என்பதே என் கருத்து. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே இதில் ‘மாற்றம்’ எனப்படுகிறது. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. வேறு பைக்கின் ஃபோர்க்கைக் கிளாம்ப்புடன் மாட்டினால் முன்சக்கரத்தின் சாய்வும், ஆர்.சி.யில் பதிவாகும் சக்கர இடைவெளியும் மாறக்கூடும். 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். பல பைக்குகளில் சேஸி எண் ஸ்டியரிங் கழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். புதுக் கோன் செட்டுக்காக (ஸ்டியரிங் திரும்ப உதவும் பேரிங்குக்காக) அந்த இடத்தைத் தேய்த்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எண் சிதைந்திருந்தால் உடனே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. பிரேக் பிடித்தால் அமுங்குவதுதான் குறை என்றால், அதே ஃபோர்க்குக்குள் சற்றுக் கடினமான ஸ்பிரிங்கும் சரியான அளவு ஃபோர்க் ஆயிலும் போட்டிருந்தாலே பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அது கட்டமைப்பு மாற்றமாகாது என்றே நான் வாதாடுவேன். 62,000 ரூபாய் வாங்கியவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இனி சிக்கலான இடம். ஒர்க்‌ஷாப் மீது வழக்கு என்றால், ‘ஃபோர்க் கசிந்ததால்தான் விபத்து’ என்று சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் பைக் சேதத்துக்குப் பணம் கேட்க, ‘மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை’ என்று சொன்னால்தான் வசதி. லக்மி சந்த் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், விபத்துக்குக் காரணமாகாத மீறலைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்றது. அதைக் காட்டி இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்ல உங்களுக்கு யாராவது யோசனை கொடுப்பார்கள். இரண்டு தோணியிலும் கால் வைக்காதீர்கள். ஒரு மனுவின் நகல் அடுத்த வழக்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். நடந்தது என்னவோ அதை மட்டும் எல்லா இடத்திலும் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்லியும் நிறுவனத்திடம் ஓரளவு பெற வழி உண்டு. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் தகுதியான தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கும் முறையை 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நிச்சயம் கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். கேட்காமல் விடவும் மாட்டேன். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மீண்டும் மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

ஒர்க்‌ஷாப் மீது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட உரிமை கொடுத்திருக்கிறது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பில் இல்லையே என்று தயங்காதீர்கள். ஜிபே பதிவே பணம் கொடுத்ததற்குச் சான்று. எல்லாவற்றையும் விட, அந்தக் குரல்பதிவு பொன் போன்றது. கசிவைப் படத்தில் பார்த்துவிட்டு ‘ஓட்டுங்கள்’ என்று சொன்னவர், எச்சரிக்க வேண்டிய கடமையிலிருந்து தவறிவிட்டார். கைபேசியை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஃபோர்க்கை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் மனுவிலேயே கேளுங்கள். ‘அவரே கேட்டுத்தான் மாட்டினேன்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் தொகை குறையலாம்.

எண்ணெய் வளையத்தைப் பார்த்த பிறகும் ஓட்டினீர்களே, அது குற்ற வழக்கில் உங்களுக்குப் பாதகம். தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ குறையுள்ள வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அதே குரல்பதிவு இங்கே உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி, ஆனால் எப்போது, யார் முன் வைப்பது என்பதை உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். ஆய்வாளரின் அறிக்கை நகலை முதலில் வாங்குங்கள். ‘இயந்திரக் கோளாறு இல்லை’ என்று வழக்கமான ஒற்றை வரியில் முடித்திருந்தால், மறு ஆய்வு கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருக்கும். அதற்கும் பைக் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்காரர் மறுபடி அழைத்தால், ‘எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.