சாம்பல் கோடு எங்கே நிற்கிறது? புதிய லேப்டாப்பில் திக்கும் வீடியோ

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நுழைவுத் தேர்வு வகுப்புகளை வீடியோவில் பார்ப்பதற்காகப் போன மாதம் புதிய லேப்டாப் வாங்கினோம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் இணைய இணைப்பு இருக்கிறது. என் பழைய செல்பேசியில் எல்லாம் வேகமாக வருகிறது. லேப்டாப்பிலோ இணையப் பக்கம் திறக்கவே நேரமாகிறது, வீடியோ நின்று நின்று ஓடுகிறது. கடைக்காரர் நெட்டில் கோளாறு என்கிறார். நெட் கம்பெனிக்காரர் லேப்டாப்பில் கோளாறு என்கிறார். யாரை நம்புவது?
- திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: இருவருமே உங்கள் லேப்டாப்பைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களே விசாரித்துவிடலாம். முதல் சாட்சி வீடியோவின் அடியிலேயே இருக்கிறது.

யூடியூபில் மகளின் பாடம் ஒன்றை ஓடவிட்டு, படத்துக்குக் கீழே நகரும் கோட்டைக் கவனியுங்கள். சிவப்பு, பார்த்து முடித்த பகுதி. அதற்கு முன்னால் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு நீளுகிறதே, அது லேப்டாப்புக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட பகுதி. சிவப்பு போய்ச் சாம்பலின் நுனியை முட்டி, திரை நடுவே வட்டம் சுழன்றால், தரவு வந்து சேரவில்லை. சாம்பல் கோடு நன்றாக முன்னே போயிருந்தும், ஆசிரியரின் குரல் சீராகக் கேட்டு, கரும்பலகையில் எழுதும் கை மட்டும் வெட்டி வெட்டி நகர்ந்தால், தரவு வந்துவிட்டது. அதைப் படமாக விரிக்க லேப்டாப் திணறுகிறது. இந்த இரண்டில் எது என்று தெரியும்வரை எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். ரௌட்டரை மாற்றி, திட்டத்தை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தி, மாதாமாதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு அதே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுப்பதில்லை.

1080பி என்ற முழு எச்டி தரத்தில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும் என்று யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் சொல்கின்றன. நீங்கள் வாங்கியிருப்பது அதைப்போல 20 மடங்கு. ஆகவே திட்டத்தில் குறையில்லை. அந்த 100இல் எவ்வளவு லேப்டாப் வரை வருகிறது என்பதுதான் கேள்வி.

செல்பேசியையும் லேப்டாப்பையும் ஒரே மேசையில் அருகருகே வையுங்கள். செல்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை பலவீனமாகும்போது அது சத்தமில்லாமல் சிம் கார்டின் இணைப்புக்குத் தாவி, நம்மை ஏமாற்றிவிடும். ஃபாஸ்ட் டாட் காம் என்ற தளத்தில் முதலில் செல்பேசியிலும் பிறகு லேப்டாப்பிலும் வேகத்தைப் பாருங்கள். ஒரே சமயத்தில் பார்த்தால் ஒன்றின் பங்கை மற்றொன்று தின்றுவிடும். இரண்டிலும் குறைவாக வந்தால் நெட் கம்பெனியைக் கேளுங்கள். திட்டத்தின் மாத வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். செல்பேசியில் 90, லேப்டாப்பில் 12 என்று வந்தால் ஃபைபர்மீது பழி இல்லை. வீட்டுக் காற்றில், அதாவது வைஃபையில், நடப்பதைப் பார்க்க வேண்டும்.

புதிய லேப்டாப் புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான். இன்றைய ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. 2.4 சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீட்டு ரௌட்டர்கள் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆனால் அதே அறைக்குள் வேகம் பல மடங்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கப்பட்டிருந்தால், எதைப் பிடிப்பது என்று லேப்டாப்தான் முடிவு செய்கிறது. உங்கள் செல்பேசி 5ஐயும் லேப்டாப் 2.4ஐயும் பிடித்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இதை உறுதிசெய்வது எளிது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், பிறகு நெட்வொர்க், பிறகு வைஃபை என்று போய், இணைந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறங்கள். அலைவரிசை எது, லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்று எழுதியிருக்கும். 2.4 என்று இருந்தால் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5இல் சேருங்கள். அந்தப் பக்கத்துக்குள் போகத் தெரியாவிட்டால், நெட் கம்பெனிக்காரரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கேளுங்கள்; சில நிமிட வேலைதான்.

மகள் புளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்கிறாளா? புளூடூத்தும் அதே 2.4இல்தான் இயங்குகிறது. பல லேப்டாப்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சில்லு, ஒரே ஆன்டெனா. இரண்டும் முறை வைத்துக்கொண்டு பேசும்போது வைஃபையின் வேகம் சரியும். ஒயர் ஹெட்போன் மாட்டி ஒருமுறை சோதியுங்கள். யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அந்த வகை இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புவதை 2012இல் இன்டெல் நிறுவனமே விளக்கி அறிக்கை வெளியிட்டது. ஓடும் மைக்ரோவேவ் அடுப்பும் அப்படித்தான்.

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரும்பு பீரோவின் மேலே, சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்த ஒரு ரௌட்டரை உறவினர் வீட்டில் பார்த்தேன். படிக்கும் மேசை பீரோவுக்கு மறுபக்க அறையில். ரௌட்டரை எடுத்து வாசல்பக்க அலமாரியில் வெளித்தெரிய வைத்ததும் வட்டம் சுழல்வது நின்றது. வேறொன்றும் செய்யவில்லை.

லேப்டாப் 5இல்தான் இருக்கிறது, வேகமும் சரியாக வருகிறது, ஆனாலும் பக்கங்கள் இழுக்கின்றன என்றால் உள்ளே யாரோ இணைப்பைத் தின்கிறார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நெட்வொர்க் என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பவர் மேலே வருவார். முதல் சில நாட்கள் விண்டோஸ் அப்டேட் ஜிபி கணக்கில் இறங்குவது இயல்பு. ஒரு மாதம் கழித்தும் அது முடியவில்லை என்றால், ஓர் இரவு முழுக்க லேப்டாப்பை மின்சாரத்தில் விட்டு முடிக்க விடுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் பட்டியலின் உச்சியில் இருந்தால், பழைய கணினியிலிருந்து நகலெடுத்த குடும்பப் படங்களை அது மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். அது ஏற்றும் பட்டியலிலிருந்து வேண்டாத கோப்புறைகளை விலக்குங்கள்; கோப்புறைகளையே அழித்துவிடாதீர்கள். கடையில் ஏற்றித் தந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் இருந்தால் தயங்காமல் அகற்றுங்கள். திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அது நடுவில் நின்று சோதிக்கிறது. அதை எடுத்ததும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக விழித்துக்கொள்ளும். பிரவுசரில் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களையும் (அதில் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள்) நீக்குங்கள்.

சாம்பல் கோடு முன்னே போயும் படம் வெட்டுகிறது என்ற இரண்டாவது நிலைக்கு வருவோம். வீடியோ சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. அதை விரிக்க கிராபிக்ஸ் சில்லில் தனிப் பகுதி உண்டு. அந்தப் பகுதி வேலை செய்யாதபோது முழுச் சுமையும் மத்திய செயலியின் தலையில் விழுகிறது. விசிறி இரைய ஆரம்பிக்கிறது. வீடியோமீது வலது பொத்தானை அழுத்தி, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். ஃபிரேம்ஸ் என்ற வரியில் எத்தனை படச் சட்டங்கள் தவறின என்ற எண் இருக்கும். ஒரு நிமிடத்தில் அது நூற்றுக்கணக்கில் ஏறினால் திணறல் லேப்டாப்பில்தான்.

காரணம் பெரும்பாலும் டிரைவர், அதாவது சில்லை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். இன்டெல், ஏஎம்டி என்று சில்லின் பெயர் வராமல் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் இயங்கவே இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள். வேறு தளங்களிலிருந்து இறக்காதீர்கள். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் முடுக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின், ரௌட்டருக்கு மூன்றடி தூரத்தில், 5 கிகாஹெர்ட்ஸில், செல்பேசியில் 90 வரும்போது லேப்டாப்பில் 12தான் வருகிறது என்றால், ரௌட்டரிலிருந்து கேபிள் போட்டு ஒருமுறை பாருங்கள். லேப்டாப்பில் கேபிள் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரை யாரிடமாவது இரவல் வாங்கலாம். கேபிளில் 90 வந்து வைஃபையில் 12 வந்தால் வைஃபை அட்டையில் குறை. அதற்கும் புதிய டிரைவர் நிறுவிப் பார்த்து மாறவில்லை என்றால், இரண்டு எண்களையும் படம் எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். ஒரே மாதம்தான் ஆகிறது, வாரண்டி இருக்கும். நெட்டில் கோளாறு என்று அங்கேயும் சொன்னால், கேபிளில் வந்த 90ஐ எடுத்துக் காட்டுங்கள்.