ஐஸ்மேக்கர்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

புதிய ஃபிரிட்ஜ் வந்து ஒரு நாள் ஆகிறது. ஐஸ்மேக்கரில் ஒரு கட்டிகூட விழவில்லை. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கு இறங்கவே பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், முதல் கட்டிகள் விழ 24 மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். உங்கள் மாடலில் ஐஸ் சேரும் பெட்டி நிறைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும் கம்பி இருந்தால், அது மேலே தூக்கியபடி நிற்கிறதா என்று பாருங்கள்; தூக்கியிருந்தால் இயந்திரம் ஐஸ் செய்யாது. முதல் இரண்டு மூன்று முறை விழும் கட்டிகளைக் கொட்டிவிடுங்கள்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேரடியாகக் குழாய் இணைத்திருக்கிறோம். கட்டிகள் சிறுத்து, உள்ளே பொள்ளலாக விழுகின்றன. ஏன்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளியே மெல்லிய ஓடு மட்டும் உறைந்திருக்க, உள்ளிருந்து தண்ணீர் வழியும். தண்ணீர் விடும் வால்வு அளவு பார்த்து மூடுவதில்லை, குறிப்பிட்ட சில விநாடிகள் மட்டுமே திறந்திருக்கும். அதற்குள் போதிய தண்ணீர் வராவிட்டால் அச்சு அரைகுறையாக நிறைந்து, சீக்கிரமே குளிர்ந்து, உள்ளே உறையும் முன்பே கட்டிகள் வெளியே தள்ளப்பட்டுவிடும். பெரும்பாலான மாடல்களுக்குச் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 20 பவுண்டு அழுத்தம் தேவை. தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைப்பதோ ஏறக்குறைய 4.3 பவுண்டுதான், ஆகவே சிறிய பிரஷர் பம்ப் ஒன்று பொருத்துவதே நிலையான தீர்வு. ஆனாலும் பம்ப் வாங்கும் முன், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குழாய் மடங்கியிருக்கிறதா, ஃபில்டர் மாற்றி 6 மாதம் கடந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

அழுத்தம் குறைந்தால் வால்வு இறுக மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசிவதும் உண்டு. அந்தச் சொட்டுகள் நீர் விழும் குழலின் நுனியில் உறைந்து, ஒரு நாள் வழியையே அடைத்துவிடும். அப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் குழலின் மேல் சுற்றி வையுங்கள். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்த வேண்டாம். பிளாஸ்டிக் விரிசல் கண்டு, குழலையே மாற்ற வேண்டிய நிலைக்குப் போன ஃபிரிட்ஜ்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, கெடுதலா?

இல்லை. தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது, கரைந்திருந்த காற்றும் உப்புகளும் நடுவில் ஒதுங்குவதால் வரும் நிறம் அது. ஆனால் ஐஸ் உருகிய பின் டம்ளரின் அடியில் வெண்துகள் படிந்தால் உங்கள் தண்ணீர் கடின நீர், அதாவது உப்புகள் அதிகம் கரைந்த நீர் என்று பொருள். ஃபிரிட்ஜில் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையைக் குறைக்குமே தவிர உப்பை நீக்காது.

ஐஸில் மீன் வாடை அடிக்கிறது. கட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

ஐஸ் அருகிலுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும். மீனை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பெட்டியைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து மாட்டுங்கள். நெடுநாள் எடுக்காமல் கிடக்கும் கட்டிகள்தாம் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது பழையதைக் கொட்டிவிடுவது நல்லது.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். அப்படியே விடலாமா?

வேண்டாம். ஐஸ்மேக்கரை அணைத்து, தண்ணீர்க் குழாயின் வால்வை மூடி, பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போங்கள். குழாய் இணைப்பு இல்லாமல் கையால் நிரப்பும் தொட்டி உள்ள மாடலாக இருந்தால், அந்தத் தொட்டியையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.