ஆனைமங்கலம் செப்பேடும் லைடன் ஹீலியமும்

ஆனைமங்கலம் செப்பேடுகளை 'லைடன் செப்பேடுகள்' என்கிறார்களே, அந்த லைடன் பல்கலைக்கழகம் வேறு எதற்குப் பெயர் பெற்றது?
– வாசகி, நாகப்பட்டினம்

நெதர்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அது. ஸ்பெயின் படையின் முற்றுகையை அந்நகரம் தாக்குப்பிடித்த மறு ஆண்டு, 1575-இல், ஆரஞ்சு இளவரசர் வில்லியம் நிறுவினார். உங்கள் ஊர்ச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் 21 ஏடுகள் அதன் நூலகச் சேகரிப்பில் சேர்ந்தன; பெயர் அப்படி வந்தது.

இயற்பியல் படித்தவர்களுக்கு லைடன் என்றால் 1908 ஜூலை 10. அன்றுதான் ஹெய்க்கே கமர்லிங் ஓன்னெஸ் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கினார். அழுத்திய வாயுவைக் குறுகிய வால்வு வழியே விரியவிட்டால் பொதுவாகக் குளிரும். ஹீலியமோ, சுமார் மைனஸ் 230 டிகிரிக்குக் கீழே இறங்காதவரை, விரியும்போது சூடாகத்தான் செய்யும். அதனால் மெத்தில் குளோரைடு, எத்திலீன், ஆக்சிஜன், காற்று, ஹைட்ரஜன் என்று ஒன்றைக் கொண்டு அடுத்ததைக் குளிர்வித்து, படிப்படியாக இறங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் தயாரித்தார்கள். அதில் துளி காற்று கலந்தாலும் அது கட்டியாக உறைந்து வால்வை அடைத்துவிடும்.

மாலையில் வெப்பமானி ஓரிடத்தில் நின்றுவிட்டது. குடுவையிலோ எதுவும் தென்படவில்லை. வெப்பமானி திரவத்தில் மூழ்கியிருப்பதால் நகராமல் இருக்கலாமே என்றார் பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர். கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சினார்கள். கண்ணாடிச் சுவரையொட்டி, கத்தி விளிம்பு மாதிரி, திரவத்தின் மேல்மட்டம் தெரிந்தது. மொத்தம் 60 மில்லிலிட்டர், மைனஸ் 269 டிகிரி! அந்தக் குளிரில்தான் 1911-இல் பாதரசத்தின் மின்தடை மறைவதைக் கண்டார்கள், மீகடத்தல் பிறந்தது. 1913-இல் ஓன்னெஸுக்கு நோபல் பரிசு.

இதில் பாதிப் பெருமை கண்ணாடி ஊதியவர்களுக்கும் கருவி செய்தவர்களுக்கும் சேர வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் வெற்றிடக் குடுவைகள் கையால் செய்யப்பட்டவை. அந்தக் கைத்தொழிலைக் கற்றுத்தரவே 1901-இல் ஓன்னெஸ் ஒரு பள்ளி ஏற்படுத்தினார். அது இன்றும் லைடனில் நடக்கிறது.

லைடன் போனால் இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?
– அதே வாசகி

முடியும். ஹீலியக் கருவி பூர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரேபன்பர்க் கால்வாய்க் கரையில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமும், அதன் பின்னால் 1590-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டமும் உண்டு. ஓன்னெஸின் ஆய்வகக் கட்டடத்தில் இப்போது சட்டம் கற்பிக்கிறார்கள்.