பழைய வீட்டுக்குப் புது வயரிங்: கேள்வி பதில்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர்: தாத்தா கட்டிய வீடு. மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய வயரிங். எல்லா லைட்டும் எரிகிறது, ஃபேனும் ஓடுகிறது. எதற்கு மாற்ற வேண்டும் சார்?

லைட் எரிவதை வைத்து ஒயர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஒயருக்கு ரப்பர் உறை. வயதானால் ரப்பர் காய்ந்து, கை பட்டாலே பொடியாக உதிரும். உள்ளே செம்பு அப்படியே இருப்பதால் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். ஒயர்மேனை அழைத்து, உறை கரண்டைத் தடுக்கிறதா என்று அளக்கிற 500 வோல்ட் மெக்கரில் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மெக்கர் இல்லாமல் வருகிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா: கீசர் போட்டால் குளியலறைக் குழாய் சுர்ரென்கிறது. வீட்டில் எர்த் இருக்கிறது என்று கணவர் சொல்கிறார்.

முதலில் கீசரை நிறுத்துங்கள் அம்மா. எர்த் வந்து சரியாகும் வரை தொட வேண்டாம்.

லீக்காகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குவதுதான் எர்த் ஒயர். பழைய வீடுகளில் அதைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது வழக்கம். இரும்புக் குழாய் தெரு வரை மண்ணுக்குள் போனதால் ஓரளவுக்கு வேலை செய்தது. பிறகு வெளியே பிவிசி குழாய் போட்டார்கள். சுவருக்குள் இருக்கிற இரும்புத் துண்டுக்கு மண்ணோடு தொடர்பு அறுந்துபோனது. எர்த் ஒயர் மட்டும் அதிலேயே கட்டிக் கிடக்கிறது. இப்போது கீசரில் லீக்கேஜ் ஆனால், மண்ணுக்குப் போக வழியில்லாமல் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்க்கும் கரண்ட் ஏறும். உங்கள் வீட்டிலும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தனியாகக் குழி தோண்டி எர்த் போடுங்கள். கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. கடலோர மண்ணில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. மேலும் கொட்டினால் எர்த்துக்குப் புதைக்கிற இரும்புக் குழாய் சீக்கிரம் அரிக்கும். செம்புத் தகடோ செம்பு பூசிய ராடோ வைத்தால் நின்று உழைக்கும். குழியைச் சிமெண்ட் போட்டு மூடிவிடாமல், தண்ணீர் ஊற்றவும் சோதிக்கவும் வழி விடுங்கள்.

புதுச்சேரி தமிழர் பகுதியிலிருந்து ஒருவர்: திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் வைத்த வீடு. சுவரை வெட்டிப் பைப் பதிக்கலாமா?

சுண்ணாம்புச் சுவரில் குறுக்காகக் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) எடுக்க விடாதீர்கள், சுவரின் பலம் போய்விடும். மேலிருந்து கீழாக, மெஷினில் குறுகலாக வெட்டலாம். சுத்தியலும் உளியும் வைத்து அடித்தால் பக்கத்துப் பூச்சு பொத்தல் பொத்தலாக விழும். மூடும்போது சுண்ணாம்புக் காரைதான். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓரமெல்லாம் உப்புப் பூத்து உதிரும்.

கூரையில் கை வைக்கவே கூடாது. செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த கூரை அது. தேக்குக் கட்டையின் பக்கவாட்டிலேயே ஒயரை மூடும் கேசிங் பட்டை ஓட்டி, மர நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் அண்ணாந்து தேடினால்தான் தெரியும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி: ஆர்சிசிபி போட்டதிலிருந்து தினமும் ட்ரிப் ஆகிறது. கழற்றிவிடலாம் என்கிறார் ஒயர்மேன்.

கழற்ற விடாதே தம்பி. கரண்ட் லீக்கானால் அணைக்கிற ஸ்விட்ச்தான் ஆர்சிசிபி. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் அணைத்துவிடும். பழைய வீட்டில் இரண்டு கோளாறு சகஜம். எங்கோ ஒரு போர்டில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் மாடி லைட்டுக்கு நியூட்ரலைக் கீழ் அறையிலிருந்து இரவல் வாங்கியிருப்பார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் நியூட்ரலை முதலில் பார்க்கச் சொல். ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற எம்சிபி ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த லைன் என்று பெரும்பாலும் பிடிபடும். ஆனால் நியூட்ரல் எர்த்தைத் தொடுகிற கோளாறு எம்சிபியை அணைத்தாலும் போகாது. அதற்கு நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை என்பதால்தான் கழற்றச் சொல்கிறார்.

பழைய கடலூரிலிருந்து ஒருவர்: எந்த ஒயர் வாங்குவது? ஏற்கெனவே இருப்பது அலுமினியம்.

லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள செம்பு. அலுமினியத்தோடு செம்பை முறுக்கி ஒட்டுப் போட வேண்டாம். அந்த ஒட்டுதான் நாளடைவில் சூடாகிக் கருகும். ஸ்விட்சுக்குச் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் ஒயருக்குத் திருப்புங்கள்.

ஒயிட் டவுனில் வாடகைக்கு இருப்பவர்: பழைய மாடல் பித்தளை ஸ்விட்ச் போடலாமா?

தாராளமாக. தகட்டுக்கு எர்த் கட்டாயம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லியனூரிலிருந்து ஓர் அம்மா: வீட்டைக் காலி செய்யாமல் வேலை பார்க்க முடியுமா?

முடியும். எர்த்தும், எம்சிபியெல்லாம் இருக்கிற டிபி பாக்ஸும் முதலில். அப்புறம் அறை அறையாக, ஒரு லைனை முழுதாக முடித்துவிட்டு அடுத்தது. பாதி புதுசு, பாதி பழசு என்று நடுவில் ஒட்டுப் போட விடாதீர்கள். மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் சுவர் காய்ந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். ஏசி கூடுதலாகப் போடுவதானால் மின்துறையில் லோடு உயர்த்த இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.