ஆற்றோரத்தில் யாருக்கு ஆபத்து அதிகம்? கடலூரிலிருந்து கேள்வி பதில்

தென்பெண்ணை, கெடிலம் கரையோர ஊர்களில் வெள்ளக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்.

கேள்வி: 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீரே வரவில்லை. 2024இல் இடுப்பளவு. எதை நம்புவது?

இரண்டுமே உண்மைதான். 2015 நவம்பரில் நெய்வேலி, பண்ருட்டி பக்கமே மழை கொட்டியது. 2024 ஃபெஞ்சல் புயலோ கரை கடந்து உள்ளே போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குப் பெய்தது. அந்தத் தண்ணீர் வந்து சேரும், தென்பெண்ணையில் நமக்கு மேலே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதனால் நம் ஊர் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் போதாது, சாத்தனூர் நீர்மட்டத்தையும் பாருங்கள்.

கேள்வி: ஒரே தெரு, ஒரே தண்ணீர். பக்கத்து வீட்டை மட்டும் ஏன் அதிக ஆபத்து என்று குறித்தீர்கள்?

தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்பது பாதிக் கணக்குதான். மீதி வீட்டுக்குள் இருக்கிறது. நான் எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி 2 மணிக்குக் கிளம்பச் சொன்னால் எங்கே போவீர்கள், யார் யாரைத் தூக்க வேண்டும்? அந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி, இரண்டு மாடு, பிள்ளைகள் வெளியூரில். மாட்டை விட்டுவிட்டு யார் முகாமுக்கு வருவார்கள் சொல்லுங்கள்! அப்புறம் வெள்ளம் வடிந்த பிறகு எத்தனை மாதத்தில் எழுந்து நிற்பார்கள் என்றும் பார்க்க வேண்டும். கூலி வேலை, குத்தகை நிலம், கந்து வட்டிக் கடன் என்று இருந்தால், முழங்கால் தண்ணீரே அவர்களை இரண்டு வருஷம் பின்னால் தள்ளிவிடும்.

கேள்வி: நாங்கள் மாடி வீடு. பயமில்லையே?

உயிருக்கு ஓரளவு பயமில்லை. மோட்டாரும் கழிவறைத் தொட்டியும் மாடியிலா இருக்கின்றன?

கேள்வி: பாகூர்க்காரர்கள் நாங்கள், புதுச்சேரி. சாத்தனூர் எங்களுக்கு எதற்கு?

தென்பெண்ணையின் வடகரை நீங்கள்தானே! வில்லியனூர் பக்கம் இருப்பவர்கள் சங்கராபரணி ஆற்றுக்காக அதன் வீடூர் அணையைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: நாங்களே செய்யக்கூடியது ஏதாவது?

தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு, தேதியும் எழுதுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுங்கள், நான் போன பாதி வீடுகளில் அப்படித்தான் அழிந்து போயிருந்தது.