அட்டவணை ஒப்பிக்க வருகிறது, பத்தி எழுத வரவில்லை: ஸ்பானிய இறந்தகாலச் சிக்கல்

கேள்வி: கல்லூரியில் ஸ்பானியம் படிக்கிறேன். வினை அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு பத்தி எழுதச் சொன்னால், இரண்டு இறந்தகாலங்களில் எதைப் போடுவது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. ஏ2 நிலைத் தேர்வு (தொடக்கநிலையின் இரண்டாம் படி) எழுதப் போகிறேன். எதை முதலில் படிக்க வேண்டும்? சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கான வினை வடிவம்) இப்போதே தேவையா?

பதில்: அட்டவணை தெரிந்தும் கை நிற்கிறது என்றால், வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் அமைத்துவிட்டு அங்கிருந்து ஸ்பானியத்துக்குத் தாவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடநூல்கள் ஆங்கில வழியில் இருப்பதால் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது. இந்த இடத்தில் ஆங்கிலம் சரியான வழிகாட்டி இல்லை. அதன் சாதாரண இறந்தகால வடிவம் ஒன்றே பல வேலைகளைச் செய்துவிடும். தமிழ் அவற்றைப் பிரித்துச் சொல்லும், ஸ்பானியமும் அப்படித்தான்.

‘நதார்’ (நீந்துதல்) என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ‘நேற்று நீந்தினேன்’ என்றால் ‘நதே’. இது பிரெத்தேரித்தோ, முடிந்த காரியத்தைச் சொல்லும் இறந்தகாலம். ‘சின்ன வயதில் தினமும் நீந்துவேன்’ என்றால் ‘நதாபா’. இது இம்பெர்ஃபெக்தோ, பழைய வழக்கத்தையோ நடந்துகொண்டிருந்ததையோ சொல்லும் இறந்தகாலம். ‘அண்ணன் வந்தபோது ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தேன்’ என்றாலும் அதே ‘நதாபா’தான். நடுவில் உள்ள ‘நீந்துவேன்’ என்பதைப் பாருங்கள். வடிவம் எதிர்காலம், பொருள் பழைய வழக்கம். யாரும் சொல்லித்தராமலே நம் வாயில் சரியாக வருகிறது. ஆகவே தமிழில் ‘-வேன், -வான், -வோம்’ என்றோ ‘-கொண்டிருந்தேன்’ என்றோ வந்தால் இம்பெர்ஃபெக்தோ. சாதாரணமாக ‘-தேன், -னேன், -தான்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பிரெத்தேரித்தோ. இரண்டும் ஒரே வாக்கியத்தில் எப்படி வரும்? ‘நதாபா என் எல் ரீயோ குவாந்தோ யெகோ மி எர்மானோ.’ நீந்துவது பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது. அண்ணன் வந்து சேர்வது (யெகோ) அதை வெட்டிக்கொண்டு வரும் நிகழ்ச்சி.

இந்தச் சோதனை கைவிடும் இடங்களும் உண்டு. ‘இரண்டு மணி நேரம் நீந்திக்கொண்டே இருந்தேன்’ என்று தமிழில் சொல்வோம். ஸ்பானியத்தில் கால அளவு சொல்லி முடித்துவிட்டால் அது முடிந்த காரியம்: ‘நதே தோஸ் ஓராஸ்’. இன்னொன்று வர்ணனை. ‘வீடு பெரிதாக இருந்தது’ என்பது ‘-தது’ என்று முடிகிறதே என்று பிரெத்தேரித்தோவுக்குப் போகாதீர்கள். கதையில் பின்னணியாக வரும் இடம், தோற்றம், மனநிலை, வயது, மணி எல்லாம் இம்பெர்ஃபெக்தோ. ‘அப்போது எனக்குப் பத்து வயது’ என்பதில் தமிழில் வினையே கிடையாது. அங்கே ‘தெனீயா தியெஸ் ஆன்யோஸ்’ என்று இம்பெர்ஃபெக்தோ வரும்.

சில வினைகளில் காலம் மாறினால் பொருளே நகரும். ‘சபீயா’ என்றால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ‘சூப்பே’ என்றால் தெரியவந்தது. ஏ2 நிலையில் இந்த ஒரு ஜோடி தெரிந்தாலே போதும்.

இனி வரிசை. பெரும்பாலான வகுப்புகளில் பிரெத்தேரித்தோவை முதலில் நடத்துவார்கள். நானாக இருந்தால் இம்பெர்ஃபெக்தோவைத்தான் முதலில் நடத்துவேன். அதில் ஒழுங்கு தவறுகிற வினைகள் மூன்றே மூன்று: சேர் (இருத்தல்), ஈர் (போதல்), வேர் (பார்த்தல்). மற்ற எல்லாமே ‘-ஆபா’ அல்லது ‘-ஈயா’. பிரெத்தேரித்தோவில்தான் உண்மையான உழைப்பு. ‘தெனேர்’ (கொண்டிருத்தல்) தூவே ஆகும், ‘எஸ்தார்’ (ஓரிடத்தில் அல்லது ஒரு நிலையில் இருத்தல்) எஸ்தூவே ஆகும், ‘அசேர்’ (செய்தல்) ஈசே ஆகும். இவற்றைத் தனித்தனியாக உருப்போடாமல் ஒரு கூட்டமாகப் பாருங்கள். ‘நான்’ என்பதற்கு ‘-எ’, ‘அவன், அவள்’ என்பதற்கு ‘-ஒ’, இரண்டிலும் அழுத்தம் கடைசியில் விழாது. ‘சேர்’, ‘ஈர்’ இரண்டுக்கும் பிரெத்தேரித்தோ வடிவம் ஒன்றே என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ‘ஃபுய்’ என்றால் ‘போனேன்’ என்றா, ‘இருந்தேன்’ என்றா என்பது சூழலில் விளங்கிவிடும்.

அழுத்தம் பற்றிச் சொன்னேன், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘நாதோ’ என்று முதல் அசையை அழுத்தினால் ‘நீந்துகிறேன்’. ‘நதோ’ என்று கடைசி அசையை அழுத்தினால் ‘அவன் நீந்தினான்’. எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது உயிரெழுத்தின் மேல் வரும் ஒரு சிறு கோடு மட்டுமே. அதை விட்டால் ஆளும் மாறும், காலமும் மாறும். தமிழில் அழுத்தத்தை வைத்துப் பொருளைப் பிரிக்கும் வழக்கம் இல்லாததால் நம் காது இதைத் தவறவிடும். வாய்விட்டுப் படியுங்கள்.

காலங்களை விட்டு அடிப்படை இலக்கணத்துக்கு வந்தால், தமிழ் இன்னும் சில இடங்களில் கைகொடுக்கும். விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் ‘யோ’ (நான்) என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதத் தேவையில்லை. ‘மே குஸ்தா’ என்பது அப்படியே ‘எனக்குப் பிடிக்கும்’. வினை பிடித்த பொருளைத் தொடரும், பொருள் பன்மையானால் ‘மே குஸ்தான்’. ‘மே துவேலே லா கபேசா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. இதையே நம்பி ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதையும் அப்படி அமைக்காதீர்கள், அங்கே ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது ‘பசி கொண்டிருக்கிறேன்’. ‘புத்தகம் பார்த்தேன்’ என்போம், ஆனால் ‘அண்ணனை’ என்று ‘ஐ’ போட்டுத்தான் ‘பார்த்தேன்’ என்போம். ஸ்பானியத்திலும் குறிப்பிட்ட மனிதர் செயப்படுபொருளானால் முன்னால் ஓர் ‘ஆ’ சேர வேண்டும்.

பெயர்களில் ஒரு எச்சரிக்கை. பிரெத்தேரித்தோவுக்கே ‘இந்தெஃபினீதோ’, ‘பெர்ஃபெக்தோ சிம்ப்ளே’ என்றும் பெயர் உண்டு. புத்தகம் மாறும்போது புதிய காலம் ஏதோ வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். ‘எ நதாதோ’ போன்ற கூட்டு வடிவம்தான் தனி. ஸ்பெயினில் ‘இன்று’, ‘இந்த வாரம்’ என்று வந்தால் அதைப் பயன்படுத்துவார்கள். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அங்கேயும் பிரெத்தேரித்தோ போதும். உங்கள் பாடநூல் எந்தப் பக்கம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்துக்கு ‘வோய் ஆ நதார்’ (நீந்தப் போகிறேன்) என்ற அமைப்பு இப்போதைக்குப் போதும். சப்ஜங்டிவ் பொதுவாக அடுத்த படியான பி1 நிலைப் பாடம். ஏ2 தேர்வுக்காக அதன் அட்டவணையைத் திறக்க வேண்டாம். ‘நீந்தாதே’ என்பதற்கு ‘நோ நாதேஸ்’ என்று அந்த சப்ஜங்டிவ் வடிவம் எங்காவது கண்ணில் பட்டால், ‘-ஆஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘-ஏஸ்’ வந்திருப்பதைக் கவனித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.