ஐஸ் ஹாக்கி ஜெர்சியில் பெயரும் எண்ணும் வீட்டிலேயே தைக்க முடியுமா?

முடியும். ஜிக்ஜாக் (இடமும் வலமுமாக மாறி மாறி விழும் தையல்) போடும் சாதாரணத் தையல் மெஷினே போதும். தைப்பதைவிட, துணி நகராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. ஜெர்சி இழுபடும், எழுத்தையும் எண்ணையும் வெட்டி எடுக்கிற ட்வில் என்ற கெட்டித் துணி இழுபடாது. ஜெர்சியை இழுத்துப் பிடித்துத் தைத்தால், கையை விட்டதும் எண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழும். நான் முதலில் தைத்த 8 பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது! அதனால் ஜெர்சியின் உள்பக்கம் ஸ்டெபிலைசர் தாள் (துணி இழுபடாமல் தாங்கும் தாள்) வைத்து, எண்ணைத் துணிப் பசையால் லேசாக ஒட்டிக்கொள்ளுங்கள். குண்டூசியை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜிக்ஜாக்கின் ஒரு குத்து ட்வில்லிலும், அடுத்தது விளிம்பை ஒட்டி ஜெர்சியிலும் விழ வேண்டும். மூலை வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்புங்கள். எண் இரண்டு நிறத்தில் இரண்டு அடுக்காக இருந்தால், மேல் அடுக்கைக் கீழ் அடுக்கோடு முதலில் தைத்துவிட்டு, அப்புறம் ஜெர்சியில் வையுங்கள்.

அளவா? என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) விதிப்படி முதுகில் எண் குறைந்தது 10 அங்குல உயரம், பெயர் எழுத்து 3 அங்குல உயரம்.